மாமியாருக்கு வளர்த்த புகையிலை

மாப்பிள்ளையாக இருப்பது சுலபமான வேலை என்றுதான் ஊரில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போன இடத்தில் நாற்காலி போடுவார்கள், மின்விசிறியை நம் பக்கம் திருப்புவார்கள், வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல இலையில் இன்னொரு கரண்டி விழும். அதெல்லாம் மாமியார் நம்மோடு பேசுகிற வீடுகளில். என் மாமியார் என்னோடு பேச மாட்டார்.

சண்டையெல்லாம் இல்லை. (சண்டை போடவாவது பேச வேண்டுமே.) நானும் தேன்மொழியும் ஒரே கல்லூரியில் படித்து, ஆசைப்பட்டுக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அவள் ஊர் ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில். அப்பாவுக்குச் சிங்கப்பூரில் வேலை. இங்கே இருக்கிற நிலம் முழுவதையும் ஒற்றை ஆளாக நின்று சாகுபடி செய்கிறவர் அவள் அம்மா, அதாவது என் அத்தை. நானோ தஞ்சாவூர் டவுனில் பிறந்து, கம்ப்யூட்டர் படித்து, பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன். "நாத்து எது, புல்லு எதுன்னு தெரியாத புள்ளைக்கு எப்படிடி பொண்ணக் குடுக்கிறது?" என்று அத்தை கேட்டாராம். கடைசியில் பெண்ணைக் கொடுத்துவிட்டார். பேச்சைத்தான் கொடுக்கவில்லை.

அவர் வீட்டுக்குப் போனால், நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். அத்தை என்னைப் பார்க்காமல், "தேனு, அவரச் சாப்புடச் சொல்லு" என்பார். தேன்மொழி என் பக்கம் திரும்பி, "சாப்பிடுங்க" என்பாள். நான், "சாப்பிடுறேன்னு சொல்லு" என்பேன். ஐக்கிய நாடுகள் சபையில்கூட இவ்வளவு மொழிபெயர்ப்பு நடக்காது. தேன்மொழி பக்கத்தில் இல்லாத சமயத்தில் அத்தை கொல்லையில் நிற்கும் மாட்டிடம் பேசுவார். ஒருநாள் நான் கிளம்பும்போது, "மழ வர்ற மாதிரி இருக்கு, கொடய எடுத்துகிட்டுப் போனா என்னவாம்" என்று மாட்டிடம் சொன்னார். மாடு என்னைப் பார்த்தது. நான் குடையை எடுத்துக்கொண்டேன்.

எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. தேன்மொழிக்கு அப்படி இல்லை. "எங்கம்மா ஒரே ஒரு தடவ ஒன்ன மாப்ளன்னு வாய் நெறயக் கூப்புட்டாப் போதும்டா. நான் நிம்மதியா இருப்பேன்" என்று ஒருநாள் சொன்னவள், சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். (நாங்கள் ஒரே வகுப்பு என்பதால் தனியாக இருக்கும்போது நான் 'டேய்'. அவள் அம்மா முன்னால் மட்டும் 'என்னங்க'.) எதையாவது செய்து அத்தையைப் பேச வைத்துவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். எதைச் செய்வது என்றுதான் தெரியவில்லை.

அத்தையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கொள்முதல் நிலையத்தில் நெல் ஈரமாக இருக்கிறது என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், அத்தை ஒரு கைப்பிடி நெல்லை அள்ளி அவர் உள்ளங்கையிலேயே கொட்டி, "எங்க ஈரம்? காட்டுங்க பாப்போம்" என்பார். டிவிஎஸ் வண்டியில் முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு மூட்டை கட்டிக்கொண்டு, நடுவில் கிடைக்கிற இடத்தில் ராணி மாதிரி உட்கார்ந்து வருவார். அதெல்லாவற்றையும் விட எனக்குப் பிரமிப்பு, அவர் வெற்றிலை போடுவதில்தான். வெற்றிலையைப் புடவையில் துடைத்து, காம்பைக் கிள்ளி, நரம்பை உரித்து, சுண்ணாம்பு தடவி, சீவலை வைத்து மடித்து வாயின் ஒரு பக்கம் ஒதுக்கிய பிறகு, ஒரு துண்டு புகையிலையைக் கிள்ளி இன்னொரு பக்கம் ஒதுக்குவார். அப்புறம் கொல்லைப் படியில் உட்கார்ந்தபடியே வாழை மரத்தடியைப் பார்த்து ஒரு துப்பு. வழியில் ஒரு சொட்டு சிந்தாது. நான் அங்கே நின்று பலமுறை வாயைப் பிளந்திருக்கிறேன்.

அவர் வழக்கமாக வாங்கும் புகையிலைக் கடைக்காரர் கடையை மூடிவிட்டு மகனோடு இருக்க சென்னைக்குப் போய்விட்டார். அத்தைக்கு அன்று பிடித்தது சனி. எந்தக் கடைப் புகையிலையும் பிடிக்கவில்லை. "இது புகையிலையா, வைக்கப்புல்லா? ஒரு காரமுண்டா, ஒரு மணமுண்டா?" என்று மாட்டிடம் குறைப்பட்டுக்கொண்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். மாட்டிடம் சொல்வது எனக்குச் சொல்வதுதான் என்பது எங்கள் வீட்டு வழக்கம் ஆயிற்றே. அந்த நொடியில் எனக்கு ஞானம் பிறந்தது. மண் தெரியாதவன் என்று சொன்னவருக்கு, என் கையாலேயே மண்ணைக் கொத்தி, புகையிலை வளர்த்து, காயவைத்துப் பக்குவமாகப் பாடம் பண்ணி, தட்டில் வைத்து நீட்டினால்?

திருவையாற்றில் நானும் தேன்மொழியும் குடியிருக்கும் வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு இடம் சும்மாதான் கிடந்தது. என்னோடு வேலை பார்க்கும் ஜமாலுக்கு முத்துப்பேட்டை. அவனிடம் விஷயத்தைச் சொன்னேன். "எங்க மாமாவோட கூட்டாளி ஒருத்தரு வேதாரண்யம் பக்கம் போயிலதான் போடுறாரு. வெத வாங்கித் தர்றேன்" என்றான். சொன்னபடியே ஒரு சின்னக் காகிதப் பொட்டலம் வந்தது. பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமில்லை, கொஞ்சம் தூசிதான் இருந்தது. ஏமாற்றிவிட்டான் என்று நினைத்து உற்றுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்தத் தூசிதான் விதை. கடுகை இதன் பக்கத்தில் வைத்தால் பூசணிக்காய் போல இருக்கும். ஆச்சரியத்தில் இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். தும்மல் வந்தது. பாதி விவசாயம் அங்கேயே போய்விட்டது.

மிச்சத்தை மணலில் கலந்து பாத்தியில் தூவும்போது தேன்மொழி வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்கம்மாவ அந்தக் கருமத்த விடச் சொல்லி நான் வருஷக்கணக்கா கத்திகிட்டு இருக்கேன். நீ வளத்துக் குடுக்கப் போறியா?"

"இது இயற்கை முறைடி. மருந்தே அடிக்கப் போறதில்ல."

"மருந்தடிக்காத பாம்பு கடிச்சா வெஷம் ஏறாதா?"

நான் தூவுவதை நிறுத்தவில்லை. அம்மா என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட வேண்டும் என்கிற ஆசை அவளுக்கும் இருந்தது. முணுமுணுத்துக்கொண்டே ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் இன்றைக்கும் நம்ப முடியாமல்தான் நினைத்துப் பார்க்கிறேன். அந்தத் தூசி முளைத்தது. பிடுங்கி இடைவெளி விட்டு நட்டேன். முதலில் கீரை போலச் சுருண்டு கிடந்தது, பனி இறங்கியதும் எழுந்து நின்றது, தை மாதம் என் இடுப்புக்கு வந்தது, அப்புறம் நெஞ்சுக்கு வந்தது. ஒவ்வொரு இலையும் என் கை நீளம். தடவிப் பார்த்தால் மெல்லிய ரோமம், விரலில் பிசுபிசுப்பு. ஒரு பூச்சி கிட்டே வரவில்லை. பக்கத்துப் பாத்தியில் கத்தரிச் செடி பூச்சி தின்று எலும்பும் தோலுமாக நிற்க, இது மட்டும் பண்ணையார் போல நிமிர்ந்து நின்றது. தினமும் காலையில் காபி டம்ளரோடு போய் அதன் முன்னால் நிற்பேன். தும்மினால் பறந்துபோகிற ஒன்றுக்குள் இவ்வளவு பெரிய செடி எங்கே ஒளிந்திருந்தது என்று நினைக்க நினைக்க மலைப்பாக இருந்தது.

வேதாரண்யத்துக்காரர் ஜமால் மூலமாக வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார். "தம்பி, பூவ மட்டும் வுட்றாதீங்க. பூத்துச்சுன்னா சத்து பூரா அங்க போயிரும். நுனியக் கிள்ளிப்புடுங்க." கிள்ளினேன். செடிக்குக் கோபம் வந்து ஒவ்வொரு இலைக் கணுவிலும் பக்கக் கிளை விட்டது. அதையும் ஒடித்தேன். மறுபடி விட்டது. நானும் அதுவும் மாசி மாதம் முழுக்க இப்படியே மல்லுக்கட்டினோம். கடைசியில் செடி தன் கோபத்தையெல்லாம் இலைக்குள்ளேயே வைத்துக்கொண்டது. இலை தடித்தது, மேலே கொப்புளம் கொப்புளமாக எழும்பியது, அங்கங்கே மஞ்சள் படர்ந்தது. மடித்துப் பார்த்தால் அப்பளம் போல 'படக்'கென்று ஒடியும், அதுதான் அறுவடைக்குப் பக்குவம் என்று மெசேஜ் வந்தது. மடித்தேன். படக்கென்றது.

மறுநாள் விடிந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். (விவசாயி என்றால் சட்டை போடக்கூடாது என்று யார் எனக்குச் சொன்னது என்று தெரியவில்லை.) பனி சொட்டச் சொட்டச் செடிகளை அடியோடு அரிந்து, தோளில் போட்டுக் கொண்டுவந்தேன். உடம்பெல்லாம் கறுப்புப் பிசின். சோப்புக்குப் போகவில்லை, மண்ணெண்ணெய்க்கும் போகவில்லை. தலை லேசாகச் சுற்றியது, குமட்டியது. முதல் அறுவடை கண்ட பூரிப்பு என்று நினைத்துக்கொண்டேன். ஈர இலையைத் தொட்டாலே அதன் விஷம் தோல் வழியாக ஏறும் என்பது பின்னால்தான் தெரிந்தது.

இலையை வாட விட்டு, அப்புறம் கட்டித் தொங்கவிட வேண்டும். எங்கள் வீட்டில் பந்தலா இருக்கிறது? நான் உட்கார்ந்து வேலை பார்க்கும் அறையில் கொடி கட்டித் தொங்கவிட்டேன். அன்று வீடியோ மீட்டிங்கில் மேனேஜர், "பேக்ரவுண்டு சூப்பரா இருக்கே, எந்தக் காடு இது?" என்று கேட்டார். நான் சிரித்து வைத்தேன். அடுத்த வாரம் இலை மஞ்சளானது, அப்புறம் பழுப்பானது. "சீசனுக்குத் தகுந்த மாதிரி மாத்துறீங்களே" என்று அவர் பாராட்டினார்.

இதுவரைக்கும் பார்த்தது ஒன்றுமில்லை. அடுத்ததுதான் என்னை உலுக்கிவிட்டது. காய்ந்த இலையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சாக்கு போட்டு மூடி, மேலே பாரம் வைக்க வேண்டும். அதற்குப் பட்டறை போடுவது என்று பெயர். போட்டேன். சில நாள் கழித்து, புரட்டிப் போடலாம் என்று சாக்குக்குள் கையை விட்டவன், விருட்டென்று இழுத்துக்கொண்டேன். உள்ளே சுட்டது! அடுப்பில்லை, நெருப்பில்லை, வெயில்கூட இல்லை. செத்துப்போன இலை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது, காய்ச்சல்காரக் குழந்தை மாதிரி தானாகக் கொதித்துக்கொண்டிருந்தது. தேன்மொழியைக் கூப்பிட்டேன். அவளும் கையை விட்டுப் பார்த்தாள். திட்டுவதற்காக வந்தவள் கையை உள்ளேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "உசுரு இருக்குடா இதுக்கு" என்றாள் மெதுவாக. எனக்குப் புல்லரித்தது.

புல்லரிப்போடு நாற்றமும் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேலே எட்டிப் பார்த்து, "மாடு வாங்கியிருக்கீங்களா சார்? சொல்லவே இல்ல" என்றார். வீட்டுக்குள் எந்தப் பக்கம் திரும்பினாலும் மாட்டுக்கொட்டகை வாசம்தான். புரட்டினேன், மூடினேன், மறுபடி புரட்டினேன். வாசம் மெல்ல மெல்ல மாறியது. மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தவர்கள் ஒருநாள் கையை எடுத்தோம். இனிப்பும் காரமுமாக, நெஞ்சுக்குள் இறங்குகிற ஒரு மணம். கருப்பட்டியைப் பாகாகக் காய்ச்சித் தெளித்து மறுபடி அடுக்கி வைத்தேன். (திருவையாற்றில் உள்ள எறும்புகள் அத்தனையும் குடும்பத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போயின.) கடைசியில் சாக்கைப் பிரித்தபோது, கருஞ்சிவப்பில் மினுமினுக்கும் இலைகள், மடித்தால் ஒடியாமல் துணி போல மடங்கின. இதை நானா செய்தேன் என்று என் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டேன்.

வைகாசியில் அத்தை வந்தார். வருடா வருடம் வயலில் எடுத்த உளுந்தை மகளுக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவது அவர் வழக்கம். வழக்கம்போல மூட்டையோடு டிவிஎஸ்ஸில்தான். "தேனு, அவரு எளச்சுப் போயிருக்காரே, சோறு போடுறியா இல்லியா?" என்றார் என்னைப் பார்க்காமல். சாப்பாடு முடிந்தது. கூடத்தில் அத்தை உட்கார்ந்தார். நான் உள்ளே போய்த் தட்டை எடுத்துவந்தேன். கும்பகோணம் வெற்றிலை, சீவல், சுண்ணாம்பு, ஓரத்தில் என் புகையிலை. என்ஜினியரிங் வைவாவுக்குக்கூட நான் இவ்வளவு தயார் செய்துகொண்டு போனதில்லை.

அத்தை புகையிலையை எடுத்தார். முகர்ந்தார். விரலால் நீவினார். மறுபடி முகர்ந்தார்.

"ஏது இது?"

"இவரு போட்டதும்மா" என்றாள் தேன்மொழி. "நம்ம கொல்லையிலதான்."

"பாடம் பண்ணது?"

"அதுவும் இவருதான்."

அத்தை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை நேராகப் பார்த்தது அதுதான் முதல்முறை. ஏதோ சொல்லப் போகிறார் என்று நானும் தேன்மொழியும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அவர் வெற்றிலையை மடித்துப் போட்டுக்கொண்டு, தாராளமாக ஒரு துண்டு புகையிலையைக் கிள்ளி ஒதுக்கினார். பிறகு தேன்மொழி பக்கம் திரும்பினார்.

"அவரயும் போடச் சொல்லு. நான் மட்டும் ஒத்தயா மென்னுகிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்?"

நான் அதுவரை புகையிலையை வாயில் வைத்ததே இல்லை. ஆனால் தாம்பூலத்துக்கு மாமியார் தன்னோடு உட்காரச் சொல்கிறார். இது எப்பேர்ப்பட்ட அழைப்பு! வெற்றிலையை மடித்துப் போட்டுக்கொண்டு, புகையிலை எவ்வளவு வைப்பது என்று தெரியாததால் அத்தை எடுத்த அளவே நானும் எடுத்தேன். முதலில் நன்றாகத்தான் இருந்தது. கருப்பட்டி இனித்தது. பிறகு காரம் வந்தது. நாக்கு, தாடை, காது என்று வரிசையாக ஏறியது. வாய் நிறையச் சாறு. இப்போது துப்ப வேண்டும்.

வேதாரண்யத்துக்காரர் விதைப்பது முதல் பாகு தெளிப்பது வரை எல்லாவற்றையும் சொல்லித் தந்திருந்தார். துப்ப வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. அது பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும் என்று விட்டிருப்பார். எனக்கும் தெரியும். ஆனால் எழுந்து கொல்லைக்குப் போக வேண்டுமானால் அத்தையைத் தாண்டித்தான் போக வேண்டும். முதல்முதலாக நேருக்கு நேர் உட்கார்ந்திருக்கிறார், அந்த நேரத்தில் எழுந்துபோய்த் துப்புவதா? அதோடு அத்தையைப் பார்த்தேன். அவர் துப்பவில்லை. வாழை மரத்தடிக்குக் குறி வைக்கிற அத்தை, கல்லுப்பிள்ளையார் மாதிரி என்னையே பார்த்து மென்றுகொண்டிருந்தார். ஓகோ, நல்ல புகையிலை என்றால் துப்ப மாட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

விழுங்கினேன்.

மறுபடி ஊறியது. மறுபடி விழுங்கினேன். அத்தை என்னை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொடர்ந்து மென்றார். சுவரில் மாட்டியிருந்த காலண்டர் தாழ்ந்து உயர்ந்தது. மின்விசிறி நின்ற இடத்தில் நிற்க, வீடு அதைச் சுற்ற ஆரம்பித்தது. சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது. இனி மரியாதை பார்த்தால் ஆள் இருக்க மாட்டோம் என்று தெரிந்து, கொல்லைக்கு ஓடலாம் என எழுந்தேன். கால் வரவில்லை. நெடுஞ்சாண்கிடையாக அத்தையின் காலில் விழுந்தேன்.

அத்தை பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டார். "என்னடி இது, எதுக்கு இப்ப கால்ல விழுறாரு? எந்திரிக்கச் சொல்லு!"

"என்னங்க, போதும், எந்திரிங்க" என்றாள் தேன்மொழி.

நான் எழுந்திருக்கவில்லை.

"மரியாதைக்கும் ஒரு அளவு வேணாமாடி? நல்லா இருக்கட்டும்னு நான் சொல்லிட்டேன்னு சொல்லு, எந்திரிக்கட்டும்."

"அம்மா ஆசீர்வாதம் பண்ணிட்டாங்களாம். எந்திரிங்க. ஏங்க... டேய்! டேய்!!"

அந்த 'டேய்'க்கு அத்தை அதிர்ச்சி அடைய நேரம் இருக்கவில்லை. நான் உளுந்து மூட்டையின் ஓரமாக வாந்தி எடுத்தேன். அடுத்த கணம் யாரோ என்னைப் புரட்டிப்போட்டு, தலையைத் தூக்கி மடியில் வைத்து, கன்னத்தில் தட்டினார்கள்.

"மாப்ள! மாப்ள! இங்க பாருங்க, கண்ணத் தொறங்க! ஐயோ சாமி, மாப்ள!"

சத்தியமாகச் சொல்கிறேன், செத்தாலும் பரவாயில்லை என்று இருந்தது. கண்ணைத் திறந்து தேன்மொழியைப் பார்த்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். நான் பல்லெல்லாம் சிவப்பாகச் சிரித்தேனாம். அதைப் பார்த்துத்தான் அவள் இன்னும் பயந்துபோனாளாம்.

ஆட்டோவுக்குக் காத்திருக்க அத்தை சம்மதிக்கவில்லை. என்னைக் குண்டுக்கட்டாகத் தூக்கி டிவிஎஸ்ஸில் வைத்தார். பின்னால் தேன்மொழி ஏறி என்னைப் பிடித்துக்கொண்டாள். நெல்மூட்டை கட்டுகிற கயிற்றால் என்னை அத்தையோடு சேர்த்து ஒரு சுற்று. வண்டி கிளம்பியது. சாலை பாம்பு போல நெளிந்தது. எதிரே வந்த பஸ் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றேவிட்டது. பாலத்தில் ஏறியபோது இந்தப் பக்கக் கைப்பிடிக்கும் அந்தப் பக்கக் கைப்பிடிக்குமாகப் போய்வந்தோம், கீழே காவிரி மணல் எழுந்து வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனது. எல்லாம் என் மயக்கம்தான் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் இளம் வயது டாக்டரம்மா.

"என்ன சாப்பிட்டாரு?"

"புகையிலைங்க" என்றாள் தேன்மொழி.

"எத்தன வருஷமா பழக்கம்?"

"இன்னிக்கு மத்தியானத்துலேர்ந்து டாக்டர்."

டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். ஊசி போட்டு, குளுகோஸ் ஏற்றி, இனிப் பயமில்லை, கொஞ்ச நேரம் படுத்திருக்கட்டும் என்றார். பிறகு அவர் பார்வை அத்தையின் மேல் நின்றது. அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். முகமெல்லாம் முத்து முத்தாக வேர்வை.

"உங்களுக்கு என்னம்மா செய்யுது?"

"ஒண்ணுமில்லங்க, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லி முடித்த அத்தை, அப்படியே சரிந்து உட்கார்ந்தார்.

பக்கத்துக் கட்டிலில் அவருக்கும் ஒரு பாட்டில் குளுகோஸ். கொள்முதல் நிலையமே நடுங்குகிற என் அத்தை, கையில் ஊசியோடு கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார். தேன்மொழி மாத்திரை வாங்கப் போயிருந்தாள். எங்கள் இருவருக்கும் நடுவில் பேச்சைக் கொண்டுசெல்ல ஆள் இல்லை. மாடும் இல்லை.

"அத்தை" என்றேன் ஈனசுரத்தில். "உங்களுக்கு என்ன ஆச்சு?"

அத்தை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, "நானுந்தான் முழுங்கிட்டேன்" என்றார்.

"நீங்களா? ஏன் அத்தை?"

"நீங்க துப்பலயே! பாடுபட்டு வளத்த மனுஷன், உக்காந்து சாற எறக்குறாரு. நான் எந்திரிச்சுப் போயித் துப்பிட்டு வந்தா, புகையில நல்லால்ல போலருக்குன்னு நெனக்க மாட்டீங்களா? மாப்ள மனசு நோவக் கூடாதேன்னுதான்."

"அத்தை... நீங்க துப்பலயேன்னுதான் நான் முழுங்கினேன்."

அத்தை திரும்பி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "அப்ப வண்டி ஓட்டுறப்பயே உங்களுக்குத் தல சுத்துச்சா?" என்று கேட்டேன்.

"பின்ன? பாலம் ரெண்டாத் தெரிஞ்சுது. எதுல ஏறுறதுன்னு புரியல."

தலை சுற்றச் சுற்ற, எங்கள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு, பாலம் இரண்டாகத் தெரிந்தும் சரியான பாலத்தில் ஏறி என்னைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். இப்படி ஒரு மனுஷியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. அவரிடம் போய்க் கேட்கக்கூடாததைக் கேட்டேன்.

"புகையிலை எப்படி அத்தை இருந்துச்சு?"

"எத்தன வருஷமா போடுறேன், எனக்கே தலைய சுத்த வச்சிட்டீங்களே மாப்ள! வெளஞ்ச சரக்குன்னா இது வெளஞ்ச சரக்கு" என்றார். எனக்கு அங்கேயே படுத்தபடி ஒரு விருது கிடைத்த மாதிரி இருந்தது. மாத்திரையோடு திரும்பி வந்த தேன்மொழி, இரண்டு கட்டிலிலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதைப் பார்த்து, விஷம் மூளைக்கு ஏறிவிட்டது என்று நர்ஸைக் கூப்பிட ஓடினாள்.

கிளம்பும்போது டாக்டரம்மா அத்தையின் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். யாருக்கும் அடங்காத அத்தை, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி 'ஆ' காட்டினார். இப்போதைக்கு ஒன்றுமில்லை, ஆனால் விட்டுவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். அத்தை விட்டுவிட்டதாகச் சொல்கிறார். தேன்மொழி இன்னும் நம்பவில்லை, அவர் வரும்போதெல்லாம் இடுப்பில் செருகிய சுருக்குப் பையைச் சோதனை போடுகிறாள். மிச்சமிருந்த என் புகையிலை முழுவதையும் அவள் அண்டாவில் ஊறவைத்துக் கத்தரிச் செடிக்குத் தெளித்தாள். பூச்சியெல்லாம் போன இடம் தெரியவில்லை.

இப்போது அத்தை என்னோடு நன்றாகவே பேசுகிறார். (சில நாள் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் தேவலை என்றுகூடத் தோன்றுகிறது.) உடம்புக்கு நல்லது என்று கேள்விப்பட்ட எதையெல்லாமோ தேன்மொழி அடையாகத் தட்டுகிறாள். போன முறை பாகற்காயும் ஓட்ஸும். நான் முகத்தைச் சுளிக்காமல் மென்றுகொண்டிருந்தால், அத்தை எதிரிலிருந்து மெதுவாகக் கேட்பார்.

"என்ன மாப்ள, புடிச்சுத்தான் சாப்புடுறீங்களா, இல்ல மரியாதைக்கு முழுங்குறீங்களா?"

நான் பதில் சொல்லாமல் அவர் தட்டைப் பார்ப்பேன். அதில் பாதி அடை காணாமல் போயிருக்கும். அத்தை கஷ்டப்பட்டு எதையோ விழுங்கிக்கொண்டிருப்பார்.